ரிப்போர்ட்டில் கேட்ட மருந்து மூட்டில் கேட்கவில்லை: செயற்கை முழங்காலில் படிந்த உயிர்ப்படலம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் நோயாளி தென்மாவட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த, அறுபதைக் கடந்த பெண்மணி. அவருடைய சம்மதத்தோடும் அவருடைய மூத்த மகளின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். ஊர், மருத்துவமனைகள், உடன் பணியாற்றிய மருத்துவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இந்த நிகழ்வில் நான் நுண்ணுயிரியல் மருத்துவர். பரிசோதனை அறிக்கைகளில் உள்ள கையொப்பம் என்னுடையது. ஆகவே கீழே வரும் தவறுகளில் சில என் மேசையிலிருந்தே புறப்பட்டவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

## பின்னணி

அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. இரு முழங்கால்களும் தேய்ந்து, வலது கால் வளைந்து, வரப்பில் நடக்க முடியாமல் போன நிலையில், வேறொரு மருத்துவமனையில் வலது முழங்காலுக்கு முழு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டார். அறுவைக்கு முன் பார்த்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.6 சதவீதம். அது இன்னும் சற்று இறங்கும்வரை காத்திருந்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் வலியோடு வரும் ஒருவரிடம் காத்திருக்கச் சொல்வது எளிதல்ல என்பதையும் அறிவேன்.

அறுவைக்குப் பின் ஒன்பது நாட்கள் தையல் ஓரத்தில் இளஞ்சிவப்பு நீர் கசிந்தது. கட்டு மாற்றி, மாத்திரை கொடுத்து, கசிவு நின்றதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தழும்பு நன்றாகவே ஆறியது. அறுவைக் கூடத்திலோ இந்த ஒன்பது நாட்களிலோதான் கிருமி உள்ளே சென்றிருக்க வேண்டும் என்று இன்று கருதுகிறோம். உறுதியாக நிறுவ வழியில்லை.

செயற்கை மூட்டுக்குள் தொற்று ஏற்பட அதிகக் கிருமிகள் தேவையில்லை. 1982இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வெர்னர் சிம்மர்லியும் அவருடைய குழுவினரும் கினிப்பன்றிகளின் தோலுக்கடியில் சிறு கூடு ஒன்றைப் பதித்துச் செய்த ஆய்வில், நூறு ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளே அந்தக் கூட்டில் நிலையான தொற்றை உண்டாக்கப் போதுமானவையாக இருந்தன. அந்நியப் பொருள் இல்லாத தோலடித் திசுவிலோ பத்துக் கோடி கிருமிகளைச் செலுத்தியும் சீழ்க்கட்டி உருவாகவில்லை. உலோகத்துக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அதன் அருகில் வரும் வெள்ளணுக்களும் தங்கள் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் அந்த ஒன்பது நாள் கசிவைப் பார்க்க வேண்டும்.

## விட்டு விட்டு வந்த வலி

மூட்டு மாற்றிய பலருக்கு மூன்று மாதத்தில் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். இவருக்கு நான்காம் மாதத்திலும் அடங்கவில்லை. நடக்கும்போது மட்டுமல்லாமல் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தது. முழங்கால் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. உடற்பயிற்சி போதாது என்று சொல்லப்பட்டது.

ஆறாம் மாதம் முதல் பதினொன்றாம் மாதம் வரை ஊருக்கு அருகிலிருந்த மருத்துவர்களிடம் மூன்று முறை ஆன்ட்டிபயாடிக் மாத்திரைகள் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது. மாத்திரை முடிந்து மூன்று வாரத்துக்குள் மறுபடியும் வந்தது. அந்தச் சீட்டுகளை அவருடைய மகள் ஒரு மஞ்சள் துணிப்பையில் தேதி வரிசையாக மடித்து வைத்திருந்தார். அவற்றை மேசையில் அடுத்தடுத்து விரித்தபோது, எந்த இயந்திரத்திலும் எடுக்காத ஒரு வரைபடம் போல நோயின் போக்கு தெரிந்தது. மாத்திரை சாப்பிடும்போது இறங்கி, நிறுத்தியதும் ஏறும் வீக்கத்துக்கு உள்ளே எங்கோ ஓர் ஊற்று இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சீட்டுகளை அப்படி விரித்துப் பார்த்தது பின்னால்தான். முதல் சந்திப்பில் பை திறக்கப்படவே இல்லை.

## முதல் சந்திப்பு: வளர்ச்சி இல்லை என்ற அறிக்கை

அறுவை நடந்து ஓராண்டு கழிந்தபின் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரண்டு இரத்தப் பரிசோதனைகளும் உயர்ந்திருந்தன: இ.எஸ்.ஆர். 62, சி.ஆர்.பி. லிட்டருக்கு 34 மில்லிகிராம். மூட்டிலிருந்து ஊசி மூலம் நீர் எடுக்கப்பட்டது. அதில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 9,800, அவற்றில் 84 சதவீதம் கிருமியை எதிர்க்க முதலில் வரும் நியூட்ரோஃபில்கள். இயற்கையான மூட்டு என்றால் இந்த எண்ணிக்கை பெரிதல்ல. வாத நோயிலேயே இதைவிடக் கூடுதலாக வரும். செயற்கை மூட்டில் கணக்கு வேறு. 2018ஆம் ஆண்டின் சர்வதேச வரையறைப்படி, நாட்பட்ட நிலையில் 3,000க்கு மேற்பட்ட வெள்ளணுக்களும் உயர்ந்த நியூட்ரோஃபில் சதவீதமும் தொற்றைக் காட்டும் சான்றுகளாகும், உயர்ந்த சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ஆகியவற்றின் புள்ளிகளையும் கூட்டினால் அன்றைக்கே தொற்று என்று முடிவு செய்ய இடமிருந்தது.

நடந்தது வேறு. ஊசி போட்ட அன்று காலையிலும் அவர் மூன்றாம் சுற்றில் மிச்சமிருந்த மாத்திரைகளில் ஒன்றை விழுங்கியிருந்தார். கேட்காததால் அவரும் சொல்லவில்லை. என் ஆய்வகத்தில் மூட்டு நீரை வழக்கமான சீழ் மாதிரியைப் போலவே நடத்தினோம்: தட்டில் பூசி, 48 மணி நேரம் பார்த்து, எதுவும் வளராததால் “வளர்ச்சி இல்லை” என்று எழுதித் தட்டுகளை அப்புறப்படுத்தினோம். விண்ணப்பப் படிவத்தில் “முழங்கால் நீர்” என்று மட்டுமே இருந்தது. செயற்கை மூட்டு என்ற சொல் இல்லை. நானும் தொலைபேசியில் அழைத்துக் கேட்கவில்லை.

அந்த அறிக்கையை அறுவை மருத்துவர் நம்பினார். கிருமி இல்லை, திசுவின் எதிர்வினையாக இருக்கலாம் என்று வலி மாத்திரையோடு அனுப்பினார். “வளர்ச்சி இல்லை” என்பது “கிருமி இல்லை” என்று வாசிக்கப்படும் என்பது நுண்ணுயிரியலில் இருக்கும் எங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒரு வரி விளக்கம் சேர்க்காமல் கையொப்பமிட்டேன். இதனால் ஆறு வாரங்கள் வீணாயின.

## இரண்டாவது முயற்சி

ஆறு வாரம் கழித்து அவர் வந்தபோது முழங்கால் முன்னைவிட வீங்கியிருந்தது. இம்முறை அறுவை மருத்துவர் நேரே ஆய்வகத்துக்கு வந்து பேசினார். மஞ்சள் பை திறக்கப்பட்டதும் அன்றுதான். காய்ச்சலோ இரத்தத்தில் தொற்று பரவியதற்கான அறிகுறியோ இல்லாததால், எந்த ஆன்ட்டிபயாடிக்கும் தராமல் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி நீர் எடுப்பது என்று முடிவு செய்தோம். வலியோடு இருப்பவருக்கு மருந்து தராமல் அனுப்புவது வீட்டாருக்கு விளங்கவில்லை. மகளிடம், களையைப் பிடுங்க வேண்டுமென்றால் அது தலை காட்ட வேண்டும், மேலோட்டமாகக் கருக்கி வைத்தால் எது களை என்றே தெரியாது என்று சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார்.

இரண்டு வாரம் கழித்து எடுத்த நீரின் ஒரு பகுதியை, இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் குப்பியிலேயே செலுத்தினோம். மூன்றாம் நாள் வளர்ச்சி தெரிந்தது: ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். இது நம் எல்லோருடைய தோலிலும் இருக்கும் கிருமி. ஊசி போடும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம் என்பதால், ஒரு மாதிரியை மட்டும் நம்பாமல் நான்கு நாள் கழித்து மறுபடியும் எடுத்தோம். அதே கிருமி, அதே மருந்து உணர்திறன், அதாவது எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற கணக்கு. அத்துடன் ஐயம் தீர்ந்தது.

இந்தக் கிருமி கொடிய நஞ்சுகளைப் பெரிதாகச் சுரப்பதில்லை. கடும் காய்ச்சலையும் பெரும்பாலும் உண்டாக்குவதில்லை. இதனிடம் இருப்பது ஒட்டிக்கொள்ளும் திறன். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் உடலின் புரதங்களைப் பற்றிக்கொண்டு, பின் சர்க்கரைச் சேர்மங்களாலும் புரதங்களாலும் இறந்த கிருமிகளின் டி.என்.ஏ.வாலும் ஆன பசையைச் சுரந்து, அதற்குள்ளேயே அடுக்கடுக்காகக் குடியேறிவிடும். இந்தக் குடியிருப்பைத்தான் பயோஃபிலிம் என்றும் தமிழில் உயிர்ப்படலம் என்றும் சொல்கிறோம். ஓராண்டாக அந்தப் பெண்மணிக்கு இருந்த மந்தமான வலிக்கும் வெதுவெதுப்புக்கும் இதுவே காரணம்.

உணர்திறன் அறிக்கை மிகவும் சாதகமாக இருந்தது. செஃபசோலின், லெவோஃப்ளாக்சசின், ரிஃபாம்பிசின், வான்கோமைசின் என்று சோதித்த அத்தனையும் கேட்கும் என்று வந்தது. எல்லா மருந்துக்கும் கட்டுப்படும் கிருமியை இப்போதெல்லாம் அரிதாகவே பார்க்கிறோம். அந்த மகிழ்ச்சியே எங்களை அடுத்த தவறான முடிவுக்குக் கொண்டுபோனது.

## மூட்டைக் காப்பாற்றும் முடிவு

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மூட்டைத் திறந்து, அழற்சித் திசுவை வெட்டியெடுத்து, நன்றாகக் கழுவி, நடுவிலுள்ள பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை மட்டும் மாற்றி, உலோகப் பாகங்களை அப்படியே விட்டுவிட்டு நீண்ட நாள் மருந்து கொடுப்பது. மற்றொன்று, அத்தனை பாகங்களையும், அவற்றை எலும்போடு ஒட்டியிருக்கும் சிமென்ட்டோடு பெயர்த்தெடுத்து, சில வாரங்கள் கழித்துப் புதிய மூட்டு வைப்பது. முதல் வழி ஓர் அறுவையோடு முடியும். இரண்டாவதற்கு இரண்டு பெரிய அறுவைகள், மாதக் கணக்கில் படுக்கை, எலும்பு இழப்பு, பெருஞ்செலவு.

முதல் வழியைத் தேர்ந்தோம். எங்கள் காரணங்கள்: உலோகப் பாகங்கள் ஆட்டம் காணவில்லை; கிருமி எல்லா மருந்துக்கும் கட்டுப்படுகிறது; நோயாளிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இரண்டு அறுவைகள் ஆபத்தானவை; குடும்பத்தின் பொருளாதாரம். எங்களுக்கு ஊக்கமளித்த ஆய்வும் ஒன்று இருந்தது. சிம்மர்லி குழுவினர் 1998இல் வெளியிட்ட அந்த ஆய்வில், உறுதியாகப் பொருந்தியிருந்த உலோகத்தை அகற்றாமல் மருத்துவம் செய்யப்பட்டவர்களில், சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசினையும் சேர்த்து முழுமையாக எடுத்துக்கொண்ட 12 பேரும் குணமானார்கள். ரிஃபாம்பிசின் இல்லாத பிரிவில் 12 பேரில் 7 பேரே குணமானார்கள். உயிர்ப்படலத்துக்குள் ஊடுருவி வேலை செய்யும் அரிய மருந்து ரிஃபாம்பிசின் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வே அடிப்படை.

அதே ஆய்வின் இன்னொரு வரியை நாங்கள் உரிய கனத்தோடு படிக்கவில்லை. அதில் சேர்க்கப்பட்டவர்களுக்கு நோய்க்குறி தோன்றி அதிகபட்சம் 21 நாட்களே ஆகியிருந்தன. எங்கள் நோயாளிக்கோ பத்து மாதங்கள். 2013ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதலும், அறுவை நடந்து ஏறத்தாழ முப்பது நாட்களுக்குள் அல்லது நோய்க்குறி தோன்றி மூன்று வாரங்களுக்குள் இருந்தால்தான் உலோகத்தை விட்டுவைக்கலாம் என்கிறது. ஆய்விலிருந்து மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த மருந்து யாருக்குக் கேட்டது என்பதை விட்டுவிட்டோம். என் அறிக்கையின் கடைசி வரியில் இருந்த “அனைத்தும் உணர்திறன் உடையவை” என்ற சொற்கள் கலந்துரையாடலில் மூன்று முறையாவது உச்சரிக்கப்பட்டன. நான் குறுக்கிட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

அறுவை திட்டமிட்டபடி நடந்தது. இரண்டு வாரம் நரம்பு வழி செஃபசோலின். காயம் முழுவதும் காய்ந்தபின் லெவோஃப்ளாக்சசினும் ரிஃபாம்பிசினும் மாத்திரைகளாக. மொத்தம் மூன்று மாதம். காயம் காயும்வரை ரிஃபாம்பிசினைத் தொடங்காததும், அதைத் தனியாக ஒருநாளும் கொடுக்காததும் நாங்கள் சரியாகச் செய்தவை. தனியாகக் கொடுத்தால் அதற்குக் கிருமி மிக விரைவில் பழகிவிடும். காசநோய்க்கும் இதே மருந்தை நம்பியிருக்கும் நாட்டில் அந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. ஆனால் ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் குறைக்கும் என்பதைக் கவனிக்கத் தவறினோம். இரண்டாம் வாரத்திலேயே சர்க்கரை 300ஐத் தாண்டியதால் இன்சுலின் தொடங்க நேர்ந்தது.

மூன்றாம் மாத முடிவில் சி.ஆர்.பி. 6. வலி இல்லை. கைத்தடியோடு கோயில் வரை நடந்ததாக மகள் தெரிவித்தார். மருந்துகளை நிறுத்தினோம்.

## திரும்பி வந்த வீக்கமும் ஒரு கேள்வியும்

ஐந்து வாரம் சென்றதும் அதே வெதுவெதுப்பு, அதே இரவு வலி. சி.ஆர்.பி. 41. மூட்டு நீரில் அதே எபிடெர்மிடிஸ். புதிய உணர்திறன் அறிக்கையைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வரி கூட மாறவில்லை. ரிஃபாம்பிசினுக்குக்கூட எதிர்ப்பு உருவாகவில்லை.

அந்த இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “டாக்டரம்மா, எல்லா மருந்தும் கேக்கும்னுதான இதுல எழுதியிருக்கு? பொறவு ஏன் கேக்கல?”

இந்தத் துறையின் மையக் கேள்வியே இதுதான். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் நாங்கள் சோதிப்பது திரவத்தில் தனித்தனியாக மிதக்கும் கிருமிகளை. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் என்ற அளவில் அவற்றை எடுத்து, மருந்தோடு 16 முதல் 20 மணி நேரம் வைத்து, எந்த அளவு மருந்தில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்கிறோம். அந்தக் கிருமிகள் வேகமாகப் பெருகிக்கொண்டிருப்பவை. பெரும்பாலான ஆன்ட்டிபயாடிக்குகள் பெருகும் கிருமியைத்தான் அடிக்கும்: செல்சுவர் கட்டப்படும்போது, டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது, புரதம் செய்யப்படும்போது. உயிர்ப்படலத்தின் அடியடுக்கில் உணவும் ஆக்சிஜனும் குறைவு. அங்கே இருப்பவை கிட்டத்தட்டப் பெருகுவதையே நிறுத்திக்கொண்டு கிடக்கின்றன. வேலை செய்யாதவனின் கையைத் தட்டிவிட முடியாது. 1944இல் ஜோசப் பிக்கர் பென்சிலினில் தப்பிப் பிழைக்கும் ஒரு சில ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளை இனங்கண்டு அவற்றை ‘விடாமல் நிலைப்பவை’ என்ற பொருளில் பெயரிட்டார். அவற்றின் வழித்தோன்றல்களை மறுபடி சோதித்தால் பழையபடி பென்சிலினுக்குக் கட்டுப்பட்டன. எதிர்ப்பாற்றல் ஏதும் பெற்றிருக்கவில்லை. மருந்து இருக்கும்வரை அசையாமல் கிடந்து, நின்றதும் எழுவதே அவற்றின் உத்தி. பசைக்குள் வாழும் கிருமியைக் கொல்ல, மிதக்கும் அதே கிருமிக்குத் தேவைப்படுவதைப்போல நூறு முதல் ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம். அந்த அளவு மருந்தை எந்த நரம்பு வழியாகவும் உடலுக்குள் செலுத்த முடியாது.

ஆகவே என் அறிக்கை பொய் சொல்லவில்லை. மூட்டு நீரில் மிதந்த கிருமிகளைப் பற்றி அது உண்மையைச் சொன்னது. மருந்தும் அவற்றைக் கொன்றது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் வீக்கம் வற்றியது. உலோகத்தின் மேல் ஒட்டியிருந்தவற்றைப் பற்றி அந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

மகளுக்குக் கண்ணால் காட்ட ஒரு சோதனை செய்தேன். அதே கிருமியைச் சிறிது குளுக்கோஸ் சேர்த்த வளர்ப்புத் திரவத்தில் கலந்து கண்ணாடிக் குழாயில் ஓரிரவு வைத்து, மறுநாள் திரவத்தைக் கொட்டிவிட்டு, மூன்று முறை கழுவி, ஊதாச் சாயம் ஊற்றி, அதையும் கழுவினேன். வெறும் திரவம் வைத்திருந்த குழாய் தெளிந்த கண்ணாடியாக இருந்தது. கிருமி வைத்த குழாயின் உட்சுவர் முழுவதும் ஊதாப் படலம் அப்பியிருந்தது, பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஆடை ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல. குழாய்க்குள் தண்ணீரைப் பாய்ச்சி ஆட்டினேன், அது விடவில்லை. அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அப்ப இத எடுத்துத்தான் ஆகணும், என்ன மேடம்?” என்றார். இரண்டு அறுவைகளுக்குச் சம்மதம் பெறுவதில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கனடாவில் 1982இல் பதிவான ஒரு நோயாளியின் கதையும் இதே போன்றது. முழங்கையில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் பரவி, வாரக் கணக்கில் சரியான மருந்துகள் கொடுத்தும் திரும்பி வந்தது. இதயத்துக்குள் சென்ற பேஸ்மேக்கர் கம்பியை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன்மேல் தடித்த பசைக்குள் கிருமிகள் அடுக்கடுக்காக இருந்தன. மனித உடலுக்குள் வைத்த கருவியில் உயிர்ப்படலம் நேரில் காணப்பட்ட தொடக்ககாலப் பதிவுகளில் அதுவும் ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தியை நாங்கள் ஒரு நோயாளியின் காலில் மறுபடி கற்றுக்கொண்டோம் என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

## மூட்டை அகற்றுதல்

முதல் அறுவைக்குப் பத்தொன்பது மாதங்கள் கழித்து உலோகப் பாகங்கள் அகற்றப்பட்டன. இரண்டு வாரமாக மருந்து ஏதும் தரப்படவில்லை. அறுவைக் கூடத்திலும் மாதிரிகள் எடுத்த பிறகே ஆன்ட்டிபயாடிக் செலுத்தப்பட்டது. ஐந்து வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் புதிய கருவி கொண்டு, திசு எடுக்கப்பட்டது. உலோகப் பாகங்கள் மூடியுள்ள நுண்ணுயிர் நீக்கிய பெட்டிகளில் நேராக என்னிடம் வந்தன.

அவற்றில் ஒன்று, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேல் பொருத்தியிருந்த உலோகத் தட்டு. கையுறையோடு அந்தக் கீழ்த்தட்டைத் திருப்பிப் பார்த்தேன். மேற்பக்கம் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. சிமென்ட் பெயர்ந்து வந்திருந்த அடிப்பக்கத்தின் ஓரத்தில் மட்டும், மழைக்காலத்துத் தொட்டிச் சுவரில் படிவதைப் போன்ற, விரல் நகம் அளவிலான மங்கலான வழவழப்பு. பாலிஎத்திலீன் தகட்டை மாற்றிக் கழுவிய அறுவையில் தண்ணீரும் தூரிகையும் சென்றடைந்தது மேற்பக்கத்தை. உலோகத்துக்கும் சிமென்ட்டுக்கும் இடையிலான அந்த இடுக்கை எந்தக் கழுவலும் எட்டியிருக்க முடியாது.

பாகங்களைக் கிருமி நீக்கிய திரவத்தில் மூழ்கவைத்து, குலுக்கி, ஐந்து நிமிடம் மீயொலி அதிர்வுக்கு உட்படுத்தி, மறுபடி குலுக்கி, அந்தத் திரவத்தைத் தட்டுகளில் பூசினோம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 331 நோயாளிகளிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், வழக்கமான திசுக் கல்ச்சர் 60.8 சதவீதத் தொற்றுகளையும் இந்த அதிர்வு முறை 78.5 சதவீதத் தொற்றுகளையும் கண்டுபிடித்தன. அறுவைக்கு முந்தைய 14 நாட்களுக்குள் ஆன்ட்டிபயாடிக் எடுத்திருந்தவர்களிடம் இடைவெளி இன்னும் பெரியது: 45க்கு எதிராக 75.

எங்களிடமும் அப்படியே. ஐந்து திசுக்களில் இரண்டில் மட்டும் கிருமி வளர்ந்தது. அதிர்வுத் திரவத்தில் மூன்றாம் நாள் நூற்றுக்கும் மேற்பட்ட காலனிகள், அதாவது தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்த கிருமிக் கூட்டங்கள். ஆறாம் நாள் அவற்றுக்கிடையே குண்டூசி முனை அளவில் இன்னொரு வகையும் தலை காட்டியது. இரண்டும் ஒரே எபிடெர்மிடிஸ்தான். சிறியவை மெதுவாக வளரும் திரிபு. எங்கள் பழைய 48 மணி நேர வழக்கத்தில் அந்தச் சிறிய காலனிகள் ஒருபோதும் கண்ணில் பட்டிருக்காது.

## தொடர்ந்த மருத்துவமும் பலனும்

காலியான இடத்தில் வான்கோமைசினும் ஜென்டாமைசினும் கலந்த எலும்புச் சிமென்ட்டால் செய்த தற்காலிக இடைநிரப்பி (ஸ்பேசர்) வைக்கப்பட்டது. ஆறு வாரம் நரம்பு வழி மருந்து. அதற்காகப் போட்ட நீண்ட நரம்புக் குழாயும் கிருமி படிய இடமளிக்கும் இன்னொரு பரப்பே என்பதால், தேவை முடிந்த அன்றே அது எடுக்கப்பட்டது. பின் இரண்டு வாரம் மருந்தின்றிக் கவனித்தோம். சி.ஆர்.பி. 5க்கு வந்து அங்கேயே நின்றது. அகற்றி பத்து வாரம் கழித்துப் புதிய மூட்டு பொருத்தப்பட்டது. அப்போது எடுத்த ஐந்து மாதிரிகளிலும் பதினான்கு நாள்வரை எதுவும் வளரவில்லை. அதன்பின் மாத்திரைகள் மூன்று மாதம். ஆறு வாரம் போதுமா, பன்னிரண்டு வேண்டுமா என்பதைச் சோதித்த பிரெஞ்சு ஆய்வு 2021இல் வெளியானது. தொற்று நீடித்தது ஆறு வாரப் பிரிவில் 18.1 சதவீதம், பன்னிரண்டு வாரப் பிரிவில் 9.4 சதவீதம். நீண்ட கணக்கை எடுத்துக்கொள்ள அதுவே காரணம்.

இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. சி.ஆர்.பி. 4. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.1. முழங்கால் 95 பாகை வரை மடங்குகிறது. தரையில் அமர முடியாது, வெளியே செல்லக் கைத்தடி வேண்டும். முதல் மூட்டிலேயே எல்லாம் சரியாக நடந்திருந்தால் இதைவிட நன்றாக நடந்திருப்பார். இடது முழங்காலிலும் வலி இருக்கிறது. அதற்கு அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

## நாங்கள் மாற்றியவை

செயற்கை மூட்டிலிருந்து வரும் எந்த மாதிரியையும் இப்போது பதினான்கு நாள் வைத்துப் பார்க்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் “உடலுக்குள் பொருத்திய கருவி உண்டா, எப்போது பொருத்தப்பட்டது, கடைசி ஆன்ட்டிபயாடிக் எந்தத் தேதி” என்ற மூன்று கேள்விகள் சேர்க்கப்பட்டுள்ளன. அவை நிரப்பப்படாமல் வந்தால் மாதிரியை ஏற்றுக்கொண்டு, அதே நாளில் தொலைபேசியில் கேட்கிறோம். உணர்திறன் அறிக்கையின் அடியில், கருவியின்மேல் படலமாக ஒட்டியிருக்கும் கிருமிக்கு இம்முடிவு பொருந்தாது என்ற வரி இடம்பெறுகிறது. மூட்டை விட்டுவைப்பதா எடுப்பதா என்ற முடிவை நோய்க்குறியின் நாள் கணக்கை முதலில் எழுதி வைத்துக்கொண்டே பேசுகிறோம். உணர்திறன் அறிக்கை அதன்பின் திறக்கப்படுகிறது. ரிஃபாம்பிசின் தொடங்கும் சர்க்கரை நோயாளிக்கு முதல் நாளிலிருந்தே சர்க்கரை கண்காணிக்கப்படுகிறது.

எங்கள் கைக்கு வெளியே இருப்பது அந்த முதல் மாத்திரை. மூட்டு நீர் எடுக்கப்படுவதற்கு முன்பே ஊர் மருந்தகங்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் அது கொடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்காக, மூட்டு மாற்றி வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு சீட்டு கொடுக்கிறோம். வலி, வீக்கம், கசிவு வந்தால் மாத்திரை தொடங்குமுன் இங்கே வரவும், வேறு மருத்துவரிடம் போனால் இந்தச் சீட்டைக் காட்டவும் என்பது அதன் சாரம். குளிர் காய்ச்சலோடு நிலை மோசமானால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையில் சேர வேண்டும் என்பதையும் தனியாக எழுதியிருக்கிறோம். முதல் வரைவில் நான் “நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து” என்று எழுதியிருந்தேன். சரிபார்க்க அந்த அம்மாவின் மகளிடம் கொடுத்தபோது, இது எங்க ஊர்ல யாருக்கும் விளங்காது மேடம் என்று சொல்லி, பேனாவை வாங்கி அந்தச் சொற்களை அடித்துவிட்டு மேலே எழுதினார்: “புண் ஆற, சீழ் வற்ற, எனக் கொடுக்கும் மாத்திரை.” சீட்டு அப்படியே அச்சாகியிருக்கிறது.